அழுகினால்தான் அழகு!

ஹாஸ்டல் ரூம். ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா ஆசையாக வாங்கிக் கொடுத்த அரை கிலோ திராட்சை பையிலேயே கிடக்கிறது. இன்டர்னல் டெஸ்ட், ரெக்கார்டு நோட்டு என்று நாலு நாள் ஓடிவிட, அஞ்சாவது நாள் திறந்து பார்த்தால்... சுருங்கி, பழுப்பேறி, மேலே சாம்பல் கலரில் பஞ்சு மாதிரி பூசணம்! 'உவ்வே' என்று குப்பைத் தொட்டியில் கடாசிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவோம்.

கிட்டத்தட்ட அதே பூசணம் நம்ம தோட்டத்துக்கு வராதா, சீக்கிரம் பிடிக்காதா என்று வருஷா வருஷம் வானத்தைப் பார்த்து ஏங்குகிற ஒரு கூட்டம் பிரான்ஸில் இருக்கிறது. அது ஏதோ பைத்தியக்காரக் கூட்டம் இல்லை. உலகத்திலேயே அதிக மரியாதையுள்ள வைன் தோட்டங்களில் ஒன்றின் சொந்தக்காரர்கள். தோட்டத்தின் பெயர் ஷத்தோ தீக்கெம். செல்லமாக, இக்கெம்.

(முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இது 'ஊத்திக்கோ மச்சி' கட்டுரை இல்லை. பாட்டிலைத் திறக்காமலேயே தெரிந்துகொள்ள வேண்டிய சமாச்சாரம் இது!)

2011-ம் வருஷம், லண்டனில் இக்கெம் பாட்டில் ஒன்று விலைபோனது. அது 1811-ல் விளைந்த திராட்சையில் செய்த வைன். வயசு இருநூறு! விலை எவ்வளவு தெரியுமா? 75,000 பவுண்டு. அன்றைய கணக்கில் நம்ம காசுக்கு 50 லட்சத்துக்கும் மேலே. ஒரு வெள்ளை வைன் பாட்டிலுக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை என்று கின்னஸில் ஏறியது.

சரி, இப்படி ஒரு விளம்பரம் சும்மா கிடைத்தால் நாமாக இருந்தால் என்ன செய்வோம்? அடுத்த வருஷமே இரண்டு மடங்கு தயாரித்து, கல்லாவை நிரப்பியிருப்போம். இக்கெம் என்ன செய்தது தெரியுமா? அடுத்த வருஷத்து, அதாவது 2012-ம் வருஷத்து, வைனில் ஒரே ஒரு பாட்டில்கூட வெளியிடவில்லை. 'இந்த வருஷத்து வைன் எங்கள் பெயருக்குத் தகுதியானது இல்லை' என்று அவர்களே அறிவித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

ஏன் அப்படி? அதைப் புரிந்துகொள்ள, கொஞ்சம் தோட்டத்துக்குள் போக வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டாம், வாங்க!

இரண்டு ஆறும் ஒரு பூசணமும்

பிரான்ஸின் தென்மேற்கில் போர்தோ நகரம். அங்கிருந்து தென்கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் போனால் ஸோத்தெர்ன் என்கிற ஊர்ப்பக்கம். அங்கே ஒரு குன்று. குன்றின் உச்சியில் பழைய கோட்டை மாதிரி ஒரு வீடு. சரிவுகளில் திராட்சைக் கொடிகள். இதுதான் இக்கெம்.

இந்தப் பக்கத்தில் இரண்டு ஆறுகள். ஒன்று கரோன், பெரிய ஆறு. இன்னொன்று சிரோன், குட்டி ஆறு. சிரோன் காட்டு மரங்களின் நிழலிலேயே ஓடி வருவதால் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். கரோன் வெயிலில் காய்ந்து வெதுவெதுப்பாக வரும். இலையுதிர் காலத்தில் ஜில்லும் வெதுவெதுப்பும் கலக்கிற இடத்தில் ராத்திரியில் மூடுபனி கிளம்பும். அது மெதுவாகத் தோட்டங்களுக்குள் நுழைந்து, விடிகாலையில் கொடிகளை ஈரப் போர்வை மாதிரி மூடிக்கொள்ளும்.

ஈரம் வந்தால் பூசணம் வராமல் இருக்குமா? வரும். அதன் பெயர் போட்ரிடிஸ் சினரியா. பழுத்த திராட்சையின் தோலில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளைப் போடும். மத்தியானம் வெயிலும் காற்றும் வந்தால் அந்த ஓட்டைகள் வழியாகப் பழத்துக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகிவிடும். சர்க்கரையும் புளிப்பும் வாசனையும் உள்ளேயே தங்கிவிடும். பழம் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் பார்க்கவே சகிக்காத ஊதா-பழுப்பு உலர்திராட்சை மாதிரி ஆகிவிடும். ஆனால் உள்ளே இருப்பது தேன்! இந்த அழுகலுக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'உன்னத அழுகல்'.

இங்கேதான் ட்விஸ்ட். அதே பூசணம், அதே கொடி, அதே பழம். வெயில் வராமல் தொடர்ந்து மழை அடித்தாலோ, பழம் சரியாகப் பழுக்காமல் இருந்தாலோ, உன்னத அழுகல் வெறும் அழுகலாகிவிடும். அதற்குப் பெயர் சாம்பல் அழுகல். புளித்த நாற்றம் அடித்து, மொத்தக் குலையும் காலி. ஹீரோவும் அதே ஆள், வில்லனும் அதே ஆள். எந்த வேஷம் என்பதை வானிலைதான் முடிவு பண்ணும்.

காலையில் பனி, மத்தியானம் வெயில். இந்தக் காம்பினேஷன் சில வாரங்கள் நீடிக்க வேண்டும். இதற்கு மோட்டார் போட முடியாது. மருந்து அடிக்க முடியாது. காத்திருக்க மட்டும்தான் முடியும்.

ஒரு கொடி, ஒரு கிளாஸ்!

காத்திருப்பது என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது என்று அர்த்தம் இல்லை. வருஷம் முழுக்க வேலை பெண்டு நிமிர்த்தும்.

இக்கெம்மில் கொடிகளுக்கான நிலம் சுமார் 113 ஹெக்டேர், நம்ம கணக்கில் கிட்டத்தட்ட 280 ஏக்கர். ஆனால் எப்போதும் சுமார் 100 ஹெக்டேரில்தான் மகசூல் எடுப்பார்கள். மீதி? வருஷத்துக்கு இரண்டு, மூன்று ஹெக்டேரில் கிழட்டுக் கொடிகளைப் பிடுங்கி, மண்ணுக்கு ஓய்வு கொடுத்து, அப்புறம் புதுக் கொடி நடுவார்கள். புதுக் கொடியின் பழம் சில வருஷங்களுக்கு இக்கெம் வைனுக்குள் போகாது. சின்னப் பசங்களுக்கு மெயின் டீமில் சான்ஸ் கிடையாது!

கொடிகள் இரண்டு ரகம். பெரும்பகுதி செமியோன். தோல் மெல்லிசு. அதனால் பூசணத்துக்கு ரொம்பப் பிடித்த பழம். மீதி சாவிஞோன் ப்ளாங். அதன் வேலை புளிப்பும் வாசனையும் சேர்ப்பது.

மேலே சரளைக் கல், அடியில் களிமண். களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கோடையில் அது வரம், மழைக்காலத்தில் சாபம். தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுமுட்டிப் போகும். அதனால் 19-ம் நூற்றாண்டில் தோட்டத்துக்கு அடியில் வடிகால் குழாய்கள் பதித்தார்கள். மொத்த நீளம் சுமார் 100 கிலோமீட்டர்! மேலே நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஆனால் அந்தக் குழாய்கள் இல்லாவிட்டால் அந்தக் குன்றில் இந்த வைன் இல்லை.

குளிர்காலத்தில் கவாத்து. அதாவது, பழைய கிளைகளை வெட்டிவிட்டு, கொஞ்சமே கொஞ்சம் மொட்டுகளை மட்டும் விட்டுவைப்பது. நிறைய மொட்டு விட்டால் நிறையக் குலை வரும். ஆனால் எதுவும் முழுசாகப் பழுக்காது. பழுக்காத பழத்தில் பூசணம் வந்தால் என்ன ஆகும் என்றுதான் மேலே பார்த்தோமே. வசந்தத்தில் தேவையில்லாத தளிர்களைக் கிள்ளுவது, உழுது களை எடுப்பது, கோடையில் குலைகளைச் சுற்றியுள்ள இலைகளை நீக்கிக் காற்றோட்டம் விடுவது என்று வேலை தொடரும். பெரும்பாலும் கையால்.

இவ்வளவு மெனக்கெட்டு என்ன கிடைக்கும்? சாதாரணமாக ஒரு நல்ல திராட்சைக் கொடியிலிருந்து ஒரு பாட்டில் வைன் எடுக்கலாம். இக்கெம்மில் ஒரு கொடிக்கு ஒரே ஒரு கிளாஸ். நிஜமாகத்தான்! ஸோத்தெர்ன் பகுதிக்கான சட்டம் ஒரு ஹெக்டேருக்கு 2,500 லிட்டர் வரை எடுக்கலாம் என்று அனுமதிக்கிறது. இவர்கள் எடுப்பதோ சராசரியாக 900 லிட்டர்தான். மீதியெல்லாம் ஆவியாகிக் காற்றோடு போய்விடுகிறது. அல்லது 'வேண்டாம்' என்று இவர்களே வெட்டித் தள்ளிவிடுகிறார்கள்.

குலையைத் தொடாதே, பழத்தைப் பார்!

செப்டம்பர், அக்டோபர் வந்தால் பக்கத்து ஊர்த் தோட்டங்களில் அறுவடை ஜரூராக நடக்கும். பத்து, பதினைந்து நாளில் ஏறக்கட்டிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இக்கெம்மில் அப்போதுதான் படமே ஆரம்பம்.

பூசணம் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வரிசையாக வராது. ஒரே குலையில் நாலு பழம் சுருங்கியிருக்கும்; எட்டு பழம் இன்னும் தளதளவென்று இருக்கும்; இரண்டு பழம் கெட்டே போயிருக்கும். அதனால் 150-லிருந்து 200 பேர் வரை கையில் சின்னக் கத்தரியோடு கொடிகளுக்கு நடுவே இறங்குவார்கள். சரியாகச் சுருங்கிய பழங்களை மட்டும் வெட்டிக் கூடையில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். சில நாள் கழித்து மறுபடி அதே வரிசை, அதே கொடி. அப்புறம் இன்னொரு தடவை. சராசரியாக அஞ்சு, ஆறு ரவுண்டு. வருஷத்தைப் பொறுத்து இன்னும் அதிகமாகவும் போகும். சில வருஷங்களில் அறுவடை டிசம்பர் வரைக்கும் இழுத்திருக்கிறது.

நடுவில் மழை வந்தால்? நிறுத்து. வெயில் வந்து பழம் காயும் வரைக்கும் காத்திரு. வராவிட்டால்? அவ்வளவுதான். ஒரு வருஷத்து உழைப்பு கொடியிலேயே கண்ணெதிரில் கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். 'போதும்ப்பா, இருக்கிறதை வெட்டிட்டுப் போயிடலாம்' என்று தோன்றும் பாருங்கள், அந்த ஆசையை அடக்குவதுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டமான வேலை.

ஈஸ்ட்டுக்கும் மூச்சு வாங்கும்

வெட்டிய பழம் உடனே பிழியப்படும். பொதுவாக முதல் பிழிவுதான் உசத்தி, அழுத்த அழுத்தத் தரம் குறையும் என்பார்கள். இங்கே உல்டா! சுருங்கிய பழத்தின் தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கெட்டியான சாறு லேசில் வராது. மூன்றாவது பிழிவில்தான் சர்க்கரை உச்சம்.

சாறு நேராகப் புது ஓக் மரப் பீப்பாய்களுக்குப் போகும். ஒவ்வொரு நாள் அறுவடையும் தனித்தனிப் பீப்பாய்களில். இட்லி மாவு பொங்குகிற மாதிரி, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்ற ஆரம்பிக்கும். ஆனால் இந்தச் சாற்றில் இருக்கும் சர்க்கரை அளவுக்கு மீறியது. சர்க்கரையும் ஏறுகிற ஆல்கஹாலும் சேர்ந்து ஈஸ்ட்டைத் திணறடிக்க, ஆல்கஹால் 13.5% - 14% வரும்போது அது 'என்னால முடியலப்பா' என்று ஓய்ந்துவிடும். அப்போதும் ஒரு லிட்டருக்கு 120 கிராமுக்கு மேல் சர்க்கரை மிச்சம் இருக்கும். வெளியிலிருந்து ஒரு ஸ்பூன் சர்க்கரைகூடப் போடாமல், தானாகவே வந்த இனிப்பு இது.

அப்புறம் பீப்பாய்களில் நீண்ட தூக்கம். தூக்கம் வைனுக்குத்தான், ஆட்களுக்கு இல்லை. மரத்தின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும் என்பதால் வாரத்துக்கு இரண்டு தடவை குறைந்த அளவை நிரப்ப வேண்டும். சில மாதத்துக்கு ஒரு முறை அடியில் தங்கும் வண்டலை விட்டுத் தெளிந்ததை வேறு பீப்பாய்க்கு மாற்ற வேண்டும். நடுநடுவே ருசி பார்த்து, 'இது ஓகே, இது தேறாது' என்று கழித்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் தேறுவதுதான் இக்கெம். சராசரியாக வருஷத்துக்குச் சுமார் 65,000 பாட்டில். தேறாதது பெயர் போடாமல் வியாபாரிகளிடம் போய்விடும்.

இருபது வயசு முதலாளி

இப்படி ஒரு பிடிவாதம் எங்கேயிருந்து வந்தது? கொஞ்சம் ஃபிளாஷ்பேக்.

1593-ல் சொவாஜ் என்கிற குடும்பத்திடம் இந்தத் தோட்டம் வந்தது. 1785-ல் அந்தக் குடும்பத்துப் பெண் ஃப்ரான்சுவாஸ் ஜோசஃபீனுக்கும் லூர் சலூஸ் என்ற பிரபுக் குடும்பத்துப் பையனுக்கும் கல்யாணம். மூன்றே வருஷம். 1788-ல் கணவர் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனார். அப்போது ஜோசஃபீனுக்கு வயசு இருபது. நம்மில் பலர் செகண்ட் இயர் அரியரைக் கிளியர் பண்ணிக்கொண்டிருக்கும் வயசு!

அடுத்த வருஷமே பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பிரபுக்கள் என்றாலே தலை தப்பாத காலம். ஜோசஃபீன் இரண்டு தடவை சிறைக்குப் போய்த் திரும்பினார். ஆனால் தோட்டத்தைக் கைவிடவில்லை. பின்னால் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன், 1787-ல் இக்கெம்முக்குக் கடிதம் எழுதி 1784-ம் வருஷத்து வைனை 250 பாட்டில் வாங்கினார். ருசி பிடித்துப்போய் 1790-ல் இன்னொரு ஆர்டர். அப்போதைய ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனுக்கு 30 டஜன், தனக்கு 10 டஜன். அந்த ஆர்டர் வந்தபோது தோட்டம் இளம் விதவையான ஜோசஃபீனின் பொறுப்பில் இருந்தது.

1826-ல் வைன் செய்யவும் வைத்துக் காக்கவும் தோட்டத்திலேயே பெரிய கட்டடம் கட்டினார் ஜோசஃபீன். தோட்டத்துக்காரர்கள் வைனைப் பீப்பாயோடு வியாபாரிகளிடம் தள்ளிவிட்டு நிம்மதியாக இருந்த காலத்தில் அது பெரிய துணிச்சல். 1851-ல் அவர் இறந்தார். நாலே வருஷம் கழித்து, 1855-ல், பாரீஸ் கண்காட்சிக்காக போர்தோ பகுதி வைன்களைத் தரம் பிரித்தார்கள். ஸோத்தெர்ன் இனிப்பு வைன்களில் எல்லாருக்கும் மேலே ஒரு தனி வகுப்பு. அந்த வகுப்பில் ஒரே ஒரு ஸ்டூடண்ட். இக்கெம்! ரிசல்ட் வந்தபோது அதைப் பார்க்கத்தான் அந்த அம்மா இல்லை.

பூஜ்யம் போட்ட வருஷங்கள்

இவ்வளவு பெருமை சேர்ந்த பிறகு அதைக் காப்பாற்றுவதுதான் தலைவலி.

20-ம் நூற்றாண்டில் ஒன்பது தடவை இக்கெம் 'இந்த வருஷம் வைன் இல்லை' என்று சொல்லியிருக்கிறது. 1910, 1915, 1930, 1951, 1952, 1964, 1972, 1974, 1992. அந்த வருஷங்களைப் போட்ட இக்கெம் பாட்டிலை யாராவது விற்க வந்தால், சந்தேகமே வேண்டாம், டுபாக்கூர்!

இதில் 1972, 1974 கொஞ்சம் கொடுமையான கதை. 1968-ல் மாமா இறந்துபோக, அலெக்சாந்தர் தெ லூர் சலூஸ் என்பவர் பொறுப்புக்கு வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே மூன்று வருஷத்தில் இரண்டு தடவை பூஜ்யம். புது ஆள், தலைமேல் முன்னோர்களின் பெயர். 'சுமாராத்தான் இருக்கு, ஆனா லேபிளை ஒட்டினா போதும், வித்துடும்' என்று யாராவது காதில் ஓதியிருந்தால் நம்பக்கூடிய நிலைமைதான். அவர் லேபிளை ஒட்டவில்லை. அப்படிக் கட்டிக் காத்த அவரிடமும் தோட்டம் கடைசி வரை தங்கவில்லை என்பது வேறு சோகம். குடும்பத்துக்குள்ளேயே பங்குச் சண்டை வந்து, 1999-ல் எல்விஎம்ஹெச் என்கிற பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் கம்பெனியின் கைக்கு இக்கெம் போனது. 2004 வரை நிர்வாகத்தில் இருந்துவிட்டு அலெக்சாந்தர் விடைபெற்றார்.

'கார்ப்பரேட் கம்பெனி வந்தாச்சு, இனிமே லாபக் கணக்குதான். பழைய பிடிவாதமெல்லாம் அம்பேல்' என்று பலர் நினைத்தார்கள். அதற்கான பரீட்சை 2012-ல் வந்தது. அறுவடை நேரத்து மழையில் பூசணம் சரியாக வேலை செய்யவில்லை. அந்த டிசம்பரில் நிர்வாகத் தலைவர் பியர் லூர்த்தோன் அறிவித்தார்: 2012-ம் வருஷத்துக்கு இக்கெம் இல்லை. முதலாளி மாறினாலும் வழக்கம் மாறவில்லை. பக்கத்துத் தோட்டங்களான ரியூசெக்கும் சுய்துய்ரோவும்கூட அந்த வருஷம் தங்கள் முதன்மை வைனை நிறுத்திக்கொண்டன.

நஷ்டம் யாருக்கு? முதலில் கம்பெனிக்கு. ஆனால் குளிரில் கவாத்து செய்தவர்கள், வெயிலில் இலை கிள்ளியவர்கள், குனிந்து குனிந்து ஒவ்வொரு பழமாக வெட்டியவர்கள் எல்லாருக்குமே அது வலிதான். சம்பளம் வந்துவிடும். ஆனால், 'இது நான் வேலை செஞ்ச வருஷம்' என்று பிற்பாடு பிள்ளைகளிடம் காட்ட ஒரு பாட்டில் இருக்காது. அது தெரிந்தும் எடுத்த முடிவு அது.

1811-ல் அந்தத் திராட்சையைப் பறித்தவர்களுக்கு, இருநூறு வருஷம் கழித்து யாரோ ஒருவர் அதற்கு 75,000 பவுண்டு கொடுப்பார் என்று தெரிந்திருக்காது. அன்றைக்கு எந்தப் பழம் தேறும், எது தேறாது என்று பார்த்து வெட்டினார்கள், அவ்வளவுதான். அந்த விலையில் பாதி பாட்டிலுக்குள் இருந்த வைனுக்கு என்றால், மீதி இவர்கள் வெளியே விடாமல் தடுத்துவைத்த வைனுக்கு!

அசைன்மென்ட்டை ராத்திரியோடு ராத்திரியாகக் காப்பியடித்து, நம் பெயரை மேலே கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறோமே, அடுத்த தடவை பெயரை எழுதும்போது பேனாவை ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள். 'இதில் என் பேர் இருக்கலாமா?' என்று ஒரு கேள்வி வரும். அந்தக் குன்றின் மேல் நானூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பதும் அதே கேள்விதான்.

கொசுறு

* 1847-ல் முதலாளி ரஷ்யாவுக்கு வேட்டைக்குப் போய்த் திரும்ப லேட்டாகிவிட்டது, அதற்குள் பழம் அழுகிவிட்டது, அதைப் பிழிந்தபோதுதான் இந்த இனிப்பு வைன் பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை செம, ஆனால் கதை மட்டும்தான். இந்தப் பக்கத்தில் அக்டோபர் 15-க்கு முன்னால் அறுவடை செய்யும் வழக்கமில்லை என்று சொல்லும் 1666-ம் வருஷத்து ஆவணமே இருக்கிறது.

* அதே 1847 வைனில் நாலு பீப்பாய் அளவை, 1859-ல் ரஷ்யச் சக்கரவர்த்தியின் தம்பி 20,000 தங்க ஃபிராங்க் கொடுத்து வாங்கினார். ஊரே வாயைப் பிளந்தது.

* முதல் உலகப் போர் சமயத்தில் இக்கெம் கோட்டை வீடு, காயம்பட்ட ராணுவ வீரர்களுக்கான ஆஸ்பத்திரியாக இருந்தது.

* இளசாக இருக்கும்போது பொன்மஞ்சளாக இருக்கும் இந்த வைன், வயசாக வயசாகத் தேன் கலருக்கும் அப்புறம் காப்பிக் கலருக்கும் மாறும். அந்தக் கலருக்காகக் காத்திருக்கும் ஆட்களுக்கு வயசு எழுபது, எண்பது ஆகிவிடும் என்பதுதான் ஒரே சிக்கல்!